லீலாவதி டீச்சரின் மூடிய கிண்ணம்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை; செஞ்சி பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவனுக்கு அது இல்லாமல் எப்படி? அரை மணி நேரம் என்று சொல்லி வண்டியை எடுப்பவன் திண்டிவனம் வரைக்கும் மிதித்துவிட்டு வருவான். பெயர் கேட்டால் அப்பன் பெயரைச் சொல்வான். ஆளின் முகத்தைப் பார்த்தே எடை போட்டுப் பதினைந்து வருஷம் பிழைத்துவிட்டேன். "உங்க நெழலு பின்னால வந்தாக்கூட நிறுத்தி வச்சு எந்த ஊருன்னு கேப்பீங்க" என்பாள் என் மனைவி ஆண்டாள். அதைப் பெருமையாகக் கேட்டுக்கொண்டு திரிந்தவன்தான் இந்தக் கோதண்டராமன்.

லீலாவதி டீச்சர் அறுபத்துநாலாம் வருஷம் தை மாதம் என் கடைக்கு எதிர்வீட்டுக்குக் குடிவந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. புருஷன் சீதளநாதன் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். சொந்த ஊர் மேல்சித்தாமூர், ஜைனர்கள். வீட்டுக்காரர் இளையபெருமாள் என்னிடம் வந்து, "ஏழு வீடு பாத்தாங்களாம், ஏழுலயும் இல்லன்னுட்டாங்களாம். நான் பாவம்னு குடுத்துட்டன். எதுக்கும் நீ ஒரு கண்ணு வச்சுக்க" என்றார். என்னிடம் போய் இதைச் சொல்லலாமா? ஒரு கண் என்ன, இரண்டையும் வைத்தேன்.

ஏழு வீட்டுக்காரர்கள் ஏன் இல்லையென்றார்கள் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஊரெல்லாம் நைலான் புடவைக்கும் டெரிலின் சட்டைக்கும் அலைகிற காலத்தில், அந்த அம்மாள் தோளில் பலூன் மாதிரிப் புடைத்த கை வைத்து, முழங்கையில் லேஸ் தைத்த ரவிக்கை போட்டிருந்தார். கழுத்து மூடிய காலர். காலில் வார் மாட்டிய ஷூ. கையில் ஓரமெல்லாம் ஜாலர் வைத்த வெள்ளைக் குடை. அவர் பின்னால் புருஷன் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டும் தலைப்பாகையும் சங்கிலி வைத்த கடிகாரமுமாக வண்டியிலிருந்து இறங்கினார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் போட்டோ ஒன்று கண்ணாடிச் சட்டத்தை விட்டு இறங்கி நடந்து வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

வீட்டில் கரண்ட் இருந்தது. ஆனால் பல்பு எரியாது; கண்ணாடி சிம்னி வைத்த மேஜை விளக்குத்தான். டீக்கடையில் ரேடியோ அலறும்போது அங்கே சாவி கொடுத்த கிராமபோன் பாடும். அலுமினியப் பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு மண்டை குடைந்தது. சின்ன வயதுக்காரி எதற்குக் கிழவி வேஷம் போட வேண்டும்? வேஷம் போடுகிறவர்களுக்கு மறைக்க ஏதோ இருக்கும் என்பது என் கணக்கு.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "டீச்சரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. இதெல்லாம் எந்தக் காலத்து உடுப்பு?"

அவர் சிரித்தார். "எங்கம்மா காலத்துதுண்ணே. அவங்க கல்யாணத்துக்கு ஒரு பொட்டி நெறைய தச்சாங்க. நல்ல நாளைக்குக் கட்டலாம், நல்ல நாளைக்குக் கட்டலாம்னு பூட்டியே வச்சிருந்து போய்ச் சேந்துட்டாங்க. தொறந்து பாத்தா எல்லாம் புதுசாவே இருக்குது. யாராவது உடுத்தணும் இல்ல? அதப் பாத்து நானும் தைக்கக் கத்துக்கிட்டேன். எனக்குப் புடிச்சிருக்குது."

"அப்ப இவருக்கு?"

"அவருக்கு என்னைப் புடிச்சிருக்குது" என்றார். சீதளநாதன் தலைப்பாகையைச் சரி செய்வது போல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பதில் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே எனக்குச் சந்தேகம் கூடிற்று.

சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். அன்றிலிருந்து தினமும் மூன்றரை மணிக்கு இருவரும் கடைக்கு வருவார்கள். என்னிடம் ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை எந்தப் பெண்ணும் தொட்டதில்லை. டீச்சர்தான் முதலில் தொட்டார். ஜாலர் குடையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பஜார் முழுக்க வாய் பிளந்து பார்க்க, மணியடித்துக்கொண்டு போவார். பின்னால் கிராமபோன் பெட்டியும் காலிக் குடமும் கட்டிய சைக்கிளில் புருஷன். ஒருநாள் சிங்கவரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மண்டகப்பட்டுக் குகைக்கோயில். மற்ற நாளெல்லாம் கோட்டைப் பக்கம், செஞ்சி மலை மூன்றில் ஒன்றான கிருஷ்ணகிரியின் அடிவாரம். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். விளக்கு வைத்தபின் அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்பது ஊரறிந்தது.

இந்தக் கத்திரி வெயிலில், வேலை வெட்டி இல்லாமல், தினமும் மலையடிவாரத்துக்கு யாராவது போவார்களா? கோட்டையில் தேசிங்கு ராஜா புதைத்து வைத்த பொன் இருக்கிறது என்று எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தையும் சொல்லும். பத்திரம் எழுதுகிறவர் கையில் பழைய காகிதம் எத்தனையோ வரும். அதில் ஒரு வரைபடம் வந்திருந்தால்? "புதையலு எடுக்கறவங்க கிராமபோன் வச்சுக்கிட்டா எடுப்பாங்க?" என்று ஆண்டாள் கேட்டாள். சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத்தான் பாட்டு என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு அந்தக் கூடையைக் கவனித்தேன். டீச்சர் கையில் தினமும் ஒரு சின்னப் பிரப்பங்கூடை இருக்கும். அதற்குள் வெள்ளைத் துணி கட்டி மூடிய பித்தளைக் கிண்ணம். மற்ற சாமானெல்லாம் புருஷன் வண்டியில் போகும். இது மட்டும் டீச்சரைவிட்டு நகராது.

"குடுங்க டீச்சரம்மா, கேரியர்ல கட்டிடறேன்."

"வேணாண்ணே. ஆடாம கொண்டு போவணும்."

"உள்ள இன்னா?"

ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்லண்ணே" என்றார்.

ஒண்ணுமில்லாததை யாராவது ஆடாமல் கொண்டு போவார்களா? அன்று கடையை ஆண்டாளிடம் விட்டுவிட்டு, ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

கிருஷ்ணகிரி அடிவாரத்தில் ஒரு சுனை உண்டு. கோடையில் கிணறெல்லாம் உப்புக் கரிக்கும்போது, அங்கே நாலு குடிசையில் இருப்பவர்களுக்கும் அவர்கள் ஆடுமாட்டுக்கும் அதுதான் தண்ணீர். நான் ஒரு பாறைக்குப் பின்னால் முட்டிக்கால் வலிக்க உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வேப்பமரத்தடியில் பாய் விரித்தார்கள். பாட்டு வைத்தார்கள். முறுக்குத் தின்றார்கள். டீச்சர் ஏதோ சொல்ல, அந்த மனிதர் தலைப்பாகை அவிழ்ந்து விழும்படி சிரித்தார். நானும் ஆண்டாளும் அப்படி உட்கார்ந்து சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. பொறாமைதான், வேறென்ன.

கிளம்புமுன் டீச்சர் தனியாகச் சுனைக்கு இறங்கினார். சுற்றுமுற்றும் பார்த்தார். கிண்ணத்தின் துணியை அவிழ்த்தார். தண்ணீரை ஒட்டிக் குனிந்து, யார் கண்ணிலும் படக்கூடாது என்பது போல, கிண்ணத்தை நீர்மட்டத்தில் வைத்து மெள்ளச் சாய்த்தார். உதடு முணுமுணுத்தது. அப்புறம் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாளும் போனேன். அதேதான். மூன்றாம் நாளும் அதேதான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் கடையோரம் நுங்கு விற்கிற காத்தாயி அந்த நாலு குடிசையில் ஒருத்தி. "உங்க சுனையில தெனம் எதையோ ஊத்துதே அந்தம்மா, இன்னான்னு கேட்டியா? வாய்க்குள்ள மந்திரம் வேற சொல்லுது" என்றேன். வெறும் வாயை மெல்கிறவளுக்கு அவல் கிடைத்தது. சாயங்காலத்துக்குள் அதற்குக் கையும் காலும் முளைத்துவிட்டது.

சொல்லி நாலாம் நாள் காத்தாயியின் இரண்டு ஆடுகள் வயிறு உப்பி, நுரை தள்ளிச் செத்தன.

அவள் என் கடை வாசலில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். இளையபெருமாள் ஓடி வந்தார். "நீ பாத்தது நெசந்தானா கோதண்டராமா?" என்றார். நிஜம் என்றேன். என் கண்ணால் பார்த்ததைத்தானே சொல்கிறேன்! "அப்படின்னா நாளைக்குச் சுனையிலயே வச்சுக் கேட்டுடுவோம். மருந்து மாயம்னு ஏதாவது இருந்தா மறுநாளே வீட்ட காலி பண்ணணும். அப்புறம் இந்த ஊருல யாரு வீடு குடுப்பா?" என்றார். யாரும் கொடுக்க மாட்டார்கள். வீடு இல்லாவிட்டால் டீச்சர் வேலையையும் விட்டுவிட்டு ஊருக்குத்தான் போக வேண்டும். அது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் சுனையோரம் முப்பது பேர் நின்றோம். டீச்சர் கூடையோடு இறங்கி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

"அந்தக் கிண்ணத்துல இன்னா?" என்றாள் காத்தாயி. "ரெண்டு ஆடு போச்சு எனக்கு. சொல்லு."

டீச்சர் காத்தாயியை நேராகப் பார்த்துச் சொன்னார். "தண்ணிம்மா. இந்தச் சுனைத் தண்ணிதான். நாங்க துணியில வடிகட்டித்தான் குடிப்போம். வடிகட்டின துணியில கண்ணுக்குத் தெரியாத உசுருங்க தங்கும். அத கண்ட எடத்துல ஊத்தினா செத்துடும். எந்தத் தண்ணியில எடுத்தமோ அந்தத் தண்ணியிலயே திரும்ப விடணும். அதான் தெனம் கொண்டாறேன்."

கூட்டம் சிரித்தது. ஜைனர்கள் தண்ணீரை வடிகட்டிக் குடிப்பார்கள் என்று செஞ்சியில் எல்லோருக்கும் தெரியும். வடிகட்டியதை என்ன செய்வார்கள் என்று நாங்கள் யாரும் ஒருநாளும் யோசித்ததில்லை.

"வெறும் தண்ணிதான?" என்றாள் காத்தாயி. "அப்ப நீ அத குடி. எங்க முன்னால குடி. நாங்க போயிடறோம்."

நியாயமான பேச்சு என்று எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஒரு வாய்த் தண்ணீர், அவ்வளவுதானே? இளையபெருமாள்கூட, "குடிச்சிடும்மா. ஊரு வாய் அடைஞ்சிடும், எனக்கும் பேச்சு வராது" என்று தணிவாகச் சொன்னார்.

டீச்சர் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இத என்னால குடிக்க முடியாது."

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று காத்தாயி கத்தினாள். கூட்டம் நெருங்கிற்று. யாரோ ஒருவன் கிராமபோன் பெட்டியை உதைத்தான். சீதளநாதன் மனைவியின் காதருகில் போனார். "லீலா, ஒரே ஒரு வாய். சாமிகிட்ட சொல்லிப் பிராயச்சித்தம் பண்ணிக்கலாம். வீடு போயிடும் லீலா."

"வீடு போவட்டும்" என்றார் டீச்சர். "நான் வடிகட்டினதே இதுங்கள குடிக்கக் கூடாதுன்னுதான். நம்ம வீட்ட காப்பாத்த இதுங்கள முழுங்கச் சொல்றீங்களா?" பிறகு இளையபெருமாளைப் பார்த்துச் சொன்னார். "நாளைக்குச் சாவி குடுத்துடறோம். இப்ப இத மட்டும் ஊத்த உடுங்க. பொழுது போவுது."

யாரும் வழிவிடவில்லை. ஊற்றவும் விடவில்லை. கிண்ணத்தோடு அப்படியே திரும்பி நடந்தார். குடை சுனையோரமே கிடந்தது, நான்தான் எடுத்துவந்தேன். கொடுக்கத் தைரியம் வராமல் கடைக்குள் சாத்தி வைத்தேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் காத்தாயி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். மூன்றாவது ஆடும் செத்துவிட்டது. அது இரண்டு நாளாகக் குடிசையில் கட்டியே கிடந்த ஆடு. சுனைப் பக்கம் போகவேயில்லை. வாயைப் பிளந்து பார்த்தால் பல்லில் எல்லாம் சோளக்குருத்து. மழையில்லாமல் வாடிக் கிடந்த சோளக்கொல்லையில் அவள் தங்கச்சி அறுத்து வந்து போட்டிருக்கிறாள். வாடின இளஞ்சோளம் தின்றால் ஆடு நுரை தள்ளிச் சாகும் என்று எங்கள் பக்கத்தில் தெரியாதவன் கிடையாது. முதல் இரண்டும் அந்தக் கொல்லையில்தான் மேய்ந்திருக்கின்றன. எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம், அந்த இரண்டு நாளும் ஒருத்தருக்கும் நினைவுக்கு வரவில்லை. நான் கொடுத்த மந்திரக் கதை அதைவிட ருசியாக இருந்தது போலிருக்கிறது.

காத்தாயி எதிர்வீட்டு வாசலில் போய் விழுந்தாள். "அறிவு கெட்டவ நான், மன்னிச்சுடு தாயி" என்று அழுதாள். இளையபெருமாள் காலையில் வாங்கிய சாவியைத் திருப்பி நீட்டிக்கொண்டே, "இருங்கம்மா, யாரு போவச் சொன்னா?" என்றார். காலி பண்ணணும் என்று முதலில் சொன்னதே தான்தான் என்பது மறந்துவிட்டது அவருக்கு.

டீச்சர் துணிகளை அம்மாவின் பெட்டியில் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். காத்தாயியைத் தூக்கி நிறுத்தினார். இளையபெருமாளிடம் சொன்னார்: "இப்ப நம்புறீங்க, சரி. அடுத்த ஆடு செத்தா?"

அவர் நீட்டிய சாவியை மடியில் செருகிக்கொண்டார். மாட்டு வண்டி வாசலில் நின்றது.

நான் குடையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் வார்த்தை வரவில்லை; அத்தனை வருஷமும் ஊரையே குறுக்குக் கேள்வி கேட்ட வாய்! குடையை நீட்டினேன். அவர் வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய், வெள்ளைத் துணி கட்டிய அந்தப் பித்தளைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"நேத்து ஊத்த முடியல. வண்டி அந்தப் பக்கம் போவாது. நீங்க கொண்டுபோய் விட்டுடறீங்களாண்ணே?"

"நானா?"

"எடம் உங்களுக்குத்தான தெரியும். தெனம் பாறைக்குப் பின்னால இருந்து பாத்தீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மேலேர்ந்து ஊத்தாதீங்க, அடிபடும். தண்ணியோட தண்ணியா வச்சு மெதுவா சாய்ங்க. போய் நல்லா இருங்கன்னு சொல்லுங்க. நான் அதான் சொல்லுவேன்."

அந்த லேடீஸ் சைக்கிளைத்தான் எடுத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் கிண்ணம். பஜாரே பார்த்துச் சிரித்தது. பாதிக்கு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். வழியில் புத்தி சும்மா இருக்கவில்லை. ஒரு புளியமரத்தடியில் நின்று துணியை அவிழ்த்துப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர். ஒன்றும் தெரியவில்லை. திருப்பிக் கட்டினேன்.

சுனையில் இறங்கிக் குனிந்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று என்னையறியாமல் சுற்றுமுற்றும் பார்த்தேன். கிண்ணத்தை நீர்மட்டத்தில் வைத்து மெள்ளச் சாய்த்தேன். அவர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

"யோவ்! யாருய்யா அது?"

மேலே, இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பக்கத்து ஊரிலிருந்து கட்டிக்கொடுத்த புதுப்பெண் போலிருக்கிறது; நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் என் முகத்தையும் கிண்ணத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கமானது. என்னுடையதுதான் அது.

"குடிக்கிற தண்ணியில இன்னாய்யா ஊத்தற?"

எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? அம்மாவின் பெட்டியிலிருந்தா, சோளக்குருத்திலிருந்தா? சொன்னாலும் அவள் நம்பப்போகிறாளா?

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.